பிப்ரவரியில் ஆளில்லாத வீடு

பிரான்சின் நடுவில், க்ரூஸ் பக்கத்து வீடுகள் குளிர்காலத்தில் அடுப்பு மூட்டாவிட்டால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். பனி விழும், பன்றி கொழுக்கும், ஆளில்லாத வீடு எழும்பும், அவ்வளவுதான். முதலில் பூனை நுழையும் அளவுக்குத் தூக்கும், பிறகு கோழி நுழையும் அளவுக்கு. அதற்குள் யாராவது குடிவந்து நாலு வேளை சூப் காய்ச்சினால் முனகிக்கொண்டே இறங்கி உட்காரும். இல்லையென்றால் போனதுதான். தபால்காரர் வீடு அப்படித்தான் போனது. ஒருவரும் தேடவில்லை.

ஃபிர்மேன் கிழவருக்குத் தொல்லை என்னவென்றால், செத்துப்போன அண்ணன் ஆந்தெல்மின் வீடும் அவர் வீடும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே உத்தரம் இரண்டுக்கும் ஓடியது. அது எழும்பினால் இவர் கூரையையும் பிடுங்கிக்கொண்டுதான் போகும். அதனால் அண்ணன் மகள் மிரேய் வீட்டை விற்கப்போகிறேன் என்றபோது, குளிர்காலத்தில் இருக்கிற ஆளாகப் பார்த்துக் கொடு என்று மட்டும் சொன்னார். அவளோ பாரிசிலிருந்து சோலேன், பெர்த்ரான் என்று ஒரு தம்பதியைக் கூட்டிவந்தாள். எந்த வட்டாரத்தில் வீடு வாங்குவது என்று பல வருஷமாக நாட்டையே சல்லடை போட்டுச் சலித்தவர்கள். பிரெத்தாஞ்ஞில் கடல் இருக்கிறது, ஆனால் மழை. ப்ரோவான்சில் வெயில் இருக்கிறது, ஆனால் கூட்டம். பெரிகோர் அழகுதான், அதை மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல கிழவரின் மண்ணை அவர் முகத்துக்கு நேரே எடைபோட்டார்கள்.

“பிப்ரவரில இருப்பீங்களா?” என்று கேட்டார் ஃபிர்மேன்.

சோலேன் சிரித்தாள். “பிப்ரவரில இங்க என்னங்கய்யா இருக்கு?”

“நான் இருக்கேன்.”

மிரேய் அவர் முழங்கையைக் கிள்ளினாள். “வாய மூடிக்கிட்டு நில்லுங்க சித்தப்பா. இத்தன நாளா ஒரு நாயிகூட இந்த வீட்ட எட்டிப் பாக்கல.”

“நாயி வந்திருந்தா குளிருக்கும் இருந்திருக்கும்டி.”

வாங்கினார்கள். அந்தக் கோடையிலேயே வெளிச்சம் வேண்டுமென்று வார்ப்பிரும்பு அடுப்பையும் வாதுமை மர அலமாரியையும் கல்தொட்டியையும் வெளியே எறிந்தார்கள். வீட்டைப் பிடித்துவைத்திருந்ததே அவைதான். சன்னல் கதவுகளுக்கு ப்ரோவான்ஸ் ஊதா பூசினார்கள், சுவரில் பிரெத்தாஞ் மீன்வலை மாட்டினார்கள், செப்டம்பரில் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நவம்பர் தொடக்கத்துக் கல்லறைத் திருநாளுக்குள் உத்தரம் கிறீச்சிட ஆரம்பித்தது. கிழவர் மாட்டுச் சங்கிலியால் வீட்டை மரத்தோடு கட்டினார். பிறகு, பிடிக்காத தொலைபேசியை எடுத்து பெர்த்ரானைக் கூப்பிட்டார்.

“வந்து நெருப்பு மூட்டுங்க. வீடு கெளம்புது.”

“நாங்க இன்னும் முடிவு பண்ணலங்கய்யா. ஓவேர்ன் பக்கமும் ஒரு எடம் பாத்திருக்கோம்.”

“அதான் வாங்கிட்டீங்களேய்யா!”

“வாங்குறது வேற, முடிவு பண்றது வேற.”

பிப்ரவரியில் சங்கிலி அறுந்தது. ஃபிர்மேனின் படுக்கையறைக் கூரை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு, அவர் தலையணையில் பனி கொட்டியது. அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினார். பிரெத்தாஞ்ஞைத் திட்டி ஒரு இழுப்பு, ப்ரோவான்சைத் திட்டி ஒரு இழுப்பு, ஓவேர்னையும் விடவில்லை. உத்தரம் முறிந்தது. நடுச்சுவர் இவரோடு நின்றுவிட, இவர் கூரை தடாலென்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. அண்ணன் வீடு ஊதாக் கதவுகளை அடித்துக்கொண்டு மேலே போயிற்று.

ரொட்டி வண்டியோடு வந்த ழினெத் கத்தினாள். “யோவ் ஃபிர்மேன், உங்கண்ணன் வீடு போகுது!”

“போகட்டும். தெக்க வெயில் நல்லா அடிக்குதாம்.”

அவள் வழக்கமான ரொட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

ஜூனில் தம்பதி வண்டி நிறையப் பிரம்பு நாற்காலிகளோடு வந்திறங்கினார்கள். வீடு இருந்த சதுரத்தில் உருளைக்கிழங்கு பூத்திருந்தது.

“எங்க வீடு எங்க?” என்றாள் சோலேன்.

கிழவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “அதுவும் எடம் பாத்துக்கிட்டிருக்கு. இன்னும் முடிவு பண்ணலையாம்.”

அவர்கள் நாற்காலிகளோடு இன்னும் அதைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. தெற்கே புழுக்கம் தாங்காத ஆகஸ்டில் வீடு வடக்கு நோக்கி ஊர்மேல் கடந்துபோகும். காரை உதிரும் என்பதால் பெண்கள் துணியை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். ஃபிர்மேன் தலை தூக்குவதில்லை. அந்த மண்ணின் கிழங்கில் கொஞ்சம் அடுப்புக்கரி வாசம் உண்டு. உப்புப் போட்டால் தெரியாது.