நாத்தனார் சாட்சியாக ஒரு பேரம்

நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போகும் பாக்கியத்தின் விலை மூன்று லட்சம். பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவு தனி. ஜவுளிக்கடைக்காரி அந்தத் தொகையைக் கேட்டுப் புருவத்தைக்கூட அசைக்கவில்லை. வருடக்கணக்காக மொத்தக் கொள்முதல் செய்த முகம் அது.

தலைப்பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தபோது கிழிந்தது, மலத்தை அடக்கும் தசை. வயது இருந்தவரை ஒப்பேற்றியது. மாதவிலக்கு நின்றபின் கைவிட்டது. மில்லுக்கு ரயிலில் நாள் முழுக்கப் போகவேண்டும். அது இப்போது அவளால் ஆகாது. அவளுக்குப் பதிலாகப் போகும் கொழுந்தன், சாயம் போகிற துணியாகப் பார்த்து அள்ளி வருகிறான். இன்னொரு சீசன் இப்படிப் போனால் கடை தாங்காது.

முதல் தடவையே சர்ஜன் மூன்று வழி சொல்லியிருந்தார். ஒன்று, கிழிந்த தசையின் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைப்பது.

"தையல் எத்தனை வருஷம் நிக்கும்?" என்று கேட்டிருந்தாள்.

"ஆரம்பத்துல நல்லாயிருக்கும். போகப்போகத் தளரலாம்."

பழைய துணியில் போட்ட தையலின் ஆயுள் அவளுக்குத் தெரியாததா? இரண்டாவது, முதுகின் அடியில் நரம்பருகே அதைத் தூண்டும் ஒயர் வைத்து, பிட்டத்தில் தோலுக்கடியில் பேட்டரியைப் புதைப்பது. எதுவும் சரிவராவிட்டால் மூன்றாவது: குடலை வயிற்றுப் பக்கம் திறந்து பை மாட்டுவது.

"மெல்லிசா ஒரு ஒயர் மட்டும் வெச்சு ரெண்டு வாரம் பாப்போம். பேட்டரி வெளியே இடுப்புல இருக்கட்டும். தவறுறது பாதியாவது குறைஞ்சா, உள்ளே வைக்கலாம்."

"பிடிக்கலைன்னா ரிட்டர்ன்," என்றாள் கூட வந்திருந்த நாத்தனார்.

இன்று அந்த இரண்டு வாரம் முடிந்தது. நர்ஸ் ஒயரை உருவிக் குப்பையில் போட்டாள். வலிக்கவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் சர்ஜன்.

"சுமார்தான்."

வாய் தானாகச் சொன்னது. விலை முடியும் முன் சரக்கை நல்லாயிருக்கிறது என்று அவள் சொன்னதே இல்லை.

"வித்தியாசம் தெரியலையா?"

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை." கைப்பையைத் தோளில் மாட்டி எழுந்தாள். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிடாத வியாபாரியை அவள் பார்த்ததில்லை.

"பரவாயில்லம்மா. எல்லாருக்கும் கேக்கிறதில்லை. பை பத்தி அடுத்த தடவை பேசுவோம்," என்றவர் போனை எடுத்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்தாள். "அண்ணி, நேத்து என்கூட பஸ்ல ஊரைச் சுத்தி வந்தீங்களே! அது சுமாரா?"

"சும்மா இருடி. பேரம் நடக்குது."

"யாரோட? அவரு அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அடுத்த நோயாளி வெளியே வரும்வரை நின்று, உள்ளே போனாள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள். வாய்க்குப் பழக்கமில்லாத சொல். "வாரத்துல அஞ்சு தடவை துணி மாத்துவேன். இந்த ரெண்டு வாரமும் சேத்தே ஒரு தடவைதான்."

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா அப்பவே சொல்லலை?"

"விலையைக் குறைப்பீங்கன்னு."

"விலை நான் வைக்கிறதில்லைம்மா. அடுத்த வாரம் உங்களுக்குன்னு ஒரு தேதி பிடிச்சு வெச்சிருந்தேன். இப்பதான் போன்ல வேற ஒருத்தருக்குக் குடுத்தேன். இனி மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதத்தில் சீசன் முடிந்துவிடும். "சரி," என்றாள்.

வராந்தாவில் கழிப்பறைக்கு நேரெதிர் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுளிக்கடைக்காரிக்கு அழுகையும் வரவில்லை. கணக்கு மட்டும் ஓடியது. விலை, மூன்று லட்சம். தள்ளுபடி, பூஜ்யம். பேரம் பேசிய வகையில் செலவு, ஒரு சீசன் கொழுந்தன் கையில். வரவு, ஒரு ரயில் பயணம். இன்னும் வந்து சேரவில்லை, பாக்கி.