நிறுத்திய மாத்திரை

மகேந்திரன் மாத்திரையை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி பஞ்சவர்ணத்திடம் மட்டும் சொன்னான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. கர்நாடக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழன். மைசூரில், ஹெப்பாள் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர் பஸ்ஸைப் பதினோரு வருடமாக ஓட்டிவந்தான். மூன்று வருடத்துக்கு முன் ரத்த அழுத்தம் கூடி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. டாக்டர் பல்லவி அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அழுத்தம் இறங்கியது. கூடவே உடம்பும் சோர்ந்தது. மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. விரல்கள் எந்நேரமும் சில்லென்றிருந்தன. மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுக்கப் பழகி ஒன்றரை வருடமாகியிருந்தது. அதை ஒரு பெண் டாக்டரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"கொஞ்ச நாளைக்கு உட்டுப் பாக்கறேன் புள்ள."

"ஒண்ணும் ஆகாதுங்களா?"

"பிரஷருதான் நார்மலா இருக்குதே."

அவள் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு மனமுமில்லை.

செவ்வாய்க்கிழமை கைகள் சூடாயின. புதன்கிழமை விடியற்காலையில் அவன் அவள் பக்கம் திரும்பினான். பஞ்சவர்ணம் அழுதுவிட்டாள். அன்று முழுக்க அவன் நெஞ்சு திடும் திடுமென்று அடித்துக்கொண்டிருந்தது. பழைய தெம்பு திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தான்.

வியாழக்கிழமை காலை ஷிப்டுக்கு முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ரிங் ரோட்டில் வந்தபோது ஒரு பைக் குறுக்கே பாய்ந்தது. பிரேக் போட்டான். பைக்குக்காரன் தப்பித்துப் போய்விட்டான். ஓட்டுநருக்கு அது அன்றாடம் நடப்பதுதான். பத்து விநாடியில் அடங்கிவிடும் பயம். அன்று அடங்கவில்லை. நெஞ்சுத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. யாரோ விலாவைக் கயிற்றால் இறுக்குவதுபோல் வலி எழுந்து தாடைக்குப் பரவியது. ஓரங்கட்ட வேண்டும் என்று ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினான். கண் இருட்டியது. பிரேக்கைத் தேடிய கால் அதை எட்டவில்லை.

பஸ் நடைபாதையில் ஏறி நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். வேறொரு கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே காத்திருந்த மஞ்சுநாத் என்ற இருபத்தாறு வயதுக்காரன் அந்த இடத்திலேயே இறந்துபோனான்.

மகேந்திரனுக்கு அது மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் தெரிந்தது. சொன்னவர் கம்பெனி ஆள். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. ஹார்ட் அட்டாக்குக்கு யார் என்ன பண்றது? போலீஸும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. வாயைத் திறக்காம இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை டாக்டர் பல்லவி வந்தார். பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மாத்திரையை எப்பவாவது விட்டேளா?"

"தவறாம சாப்பிடுவாருங்க" என்றாள் பஞ்சவர்ணம், முந்திக்கொண்டு.

டாக்டர் தலையாட்டிவிட்டு வாசல்வரை போய்விட்டார். மகேந்திரன் கூப்பிட்டான். "ஞாயித்துக்கெழம நிறுத்திட்டனுங்க."

பஞ்சவர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் குரல் உயரவில்லை.

"நாம பயந்தா அட்ரினலின்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல ஓடும். ஹார்ட்ல அதைப் பிடிச்சுக்கற ரிசப்டர்கள் இருக்கு. பிடிச்ச உடனே வேகமா, பலமா அடிக்கும், பிரஷரும் ஏறும். இந்த மாத்திரை அந்த ரிசப்டரையெல்லாம் அடைச்சு வைக்கும். ஹார்ட் என்ன பண்றது தெரியுமா? அட்ரினலின் வந்து சேரலையேன்னு புதுசா நிறைய ரிசப்டர் செஞ்சு வச்சுக்கும். மூணு வருஷமா செஞ்சு வச்சிருக்கு. நீங்க திடீர்னு நிறுத்திட்டேள். அடைப்பு போச்சு, இருக்கறதெல்லாம் திறந்து கிடக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு பயம்."

"அந்த பைக்குங்களா?"

"வேற நாளா இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தியிருக்கலாம். வேற மாத்திரையும் இருக்கு. எதுக்கு நிறுத்தினேள்?"

அவன் பார்வை பஞ்சவர்ணத்தின் பக்கம் போனது. டாக்டர் அவனையும் ஜன்னலோரம் நின்றவளையும் பார்த்தார். சற்று நேரத்தில் அவருக்கே புரிந்தது.

"நான் கேட்டிருக்கணும்" என்றார். "மூணு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்." பிறகு கேஸ் சீட்டில் உண்மையை எழுதினார்.

அவர் போனதும் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள். "சொல்லி யாரக் காப்பாத்துனீங்க? செத்த பையன் எந்திரிச்சு வரப்போறானா? வேல போவும், லைசென்ஸு போவும், ஜெயிலுக்கும் போவீங்க."

"ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம் புள்ள. நெஞ்சு அடிச்சது எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதையே சொன்னான். வேலை போனது. லைசென்ஸை முடக்கினார்கள். வழக்கு பதிவானது.

மஞ்சுநாத்தின் அப்பா கிருஷ்ணராஜ் வீட்டுக்கும் போனான். பஞ்சவர்ணம் கூட வந்தாள். கிருஷ்ணராஜ் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். பிறகு கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதற்காக நிறுத்தினாய்?"

அவர் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று மகேந்திரனுக்குத் தெரியும். புதன்கிழமை விடியற்காலையைப் பற்றி அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தலை குனிந்து நின்றான். பஞ்சவர்ணம்தான் வாயைத் திறந்தாள். தட்டுத்தடுமாறிய கன்னடத்தில், "எனக்காக" என்றாள்.

கிருஷ்ணராஜ் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.