இரண்டாவது ஜோடி

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ராணுவ அதிகாரி எங்கள் கடை மேஜைமேல் வைத்த துண்டுச்சீட்டில் இரண்டே வரிகள் இருந்தன. தோள்பட்டைச் சின்னம் ஒரு ஜோடி, ஐந்து நட்சத்திரம். நீளம் ஐந்தேகால் அங்குலம். அப்பா அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

நாங்கள் ராணுவ அதிகாரிகளுக்குச் சீருடை தைப்பவர்கள். அப்பா வெட்டித் தைப்பார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜரிகை வேலை செய்வேன். பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதிலிருந்து இதுதான். மூன்று நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். ஐந்து நட்சத்திரம் நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான். முப்படைகளுக்கும் மேலே இருக்கும் தலைமைத் தளபதிக்கு. அவர் தோளில் இருப்பது நைந்துபோனால்கூட, பழைய ஜோடியைக் கொண்டுவந்து எங்கள் கண்முன்னால் எரித்த பிறகுதான் புதியதற்கு ஊசி கோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் இருக்கலாம்.

"பழைய ஜோடி கொண்டு வரலீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"அது பின்னாடி வரும்" என்றார் அதிகாரி. "வியாழக்கிழமை விடியறதுக்குள்ள இது வேணும். இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது மாஸ்டர்."

தளபதியின் தோள்பட்டைக்கு ஆறு அங்குலம் வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. 'பின்னாடி வரும்' என்றால் எப்படி வரும்? யார் கழற்றுவார்கள்?

அதிகாரியின் வண்டி போன பிறகு அப்பா திரையை விலக்கினார்.

"நாம தைக்கிறவங்க. துணிக்கு வாய் இருக்கா? நமக்கும் கிடையாது. உன்னைப் பத்தி எனக்குக் கவலையில்ல, நீதான் பேசவே மாட்டியே."

அன்றும் மறுநாள் காலையும் தைத்தேன். நான்காவது நட்சத்திரத்தின்போது ஊசி விரலில் ஏறியது. சட்டென்று துணியை நகர்த்தினேன். வலி அப்புறம்தான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் தளபதியே வந்தார். மகளின் கல்யாணத்துக்குத் தைக்கும் கோட்டுக்கு ட்ரையல் பார்க்க. இரண்டு காவலர்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். சீருடைச் சட்டையை அவரே கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

"என்ன மாஸ்டர், தொப்பை ரெண்டு அங்குலம் ஏறிடுச்சா? உண்மையைச் சொல்லுங்க, சுட்டுட மாட்டேன்."

அப்பா குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டார். பேசாமலிருக்கத் தையல்காரர்களுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது. திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டின் ஒரு கையைப் பொருத்துவதற்குள் இரண்டு முறை ஊசி கீழே விழுந்தது.

"உள்ளே இருக்கிற மகாராணி சௌக்கியமா? என் பொண்ணு வாயை மூட மாட்டேங்கறா, உங்க பொண்ணு திறக்க மாட்டேங்கறா. ரெண்டு பேரையும் ஒரு மாசம் ஒண்ணா விட்டா சரியாப் போயிடும்." அவரே சிரித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துடணும். வரலைன்னா ஆள் அனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் வியாழக்கிழமை வருகிறது.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. திரைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளங்கையில் அந்த ஜோடி இருந்தது.

"ஐயா, பழைய ஜோடியைக் கொடுத்துடுங்க. புதுசு முடிஞ்சிருச்சு."

"அட, பேசிட்டாளே! நான் புதுசு கேக்கலையேம்மா" என்றபடி ஒன்றை எடுத்தார். கொக்கியில் தொங்கிய சட்டையின் தோளில் வைத்துப் பார்த்தார். முக்கால் அங்குலம் குறைந்தது. சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. கண்கள் மட்டும் வேறு யாருடையவோ போல மாறின.

அப்பா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, சின்னப் பொண்ணு, விவரம் தெரியாம..."

தளபதி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். என்னைத்தான் பார்த்தார்.

"எப்ப வேணும்னாங்க?"

"நாளைக்கு விடியறதுக்குள்ள."

"பழசு?"

"பின்னாடி வரும்னாங்க."

கடையில் இஸ்திரிப் பெட்டி சூடேறும் சத்தம் கேட்டது. அவர் அந்தச் சின்னத்தின் நீளத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"அஞ்சேகால்" என்றார் கடைசியில். "எனக்கு அடுத்த இடத்துல இருக்கிறவன். குறுகின தோள் அவனுக்கு. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையே அவனுக்குத்தான் வச்சேன்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை, யாரோ தெரியாத பெண் கடைக்குள் நுழைந்துவிட்டதைப் போல இருந்தது.

தளபதி வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலர்கள் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் புதுசு. காலையிலதான் மாத்தினாங்க." தனக்குத்தானே சொல்வதைப் போல, மிக மெல்லச் சொன்னார்.

திரும்பி வந்து என் முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு கை மட்டும் வைத்த கோட்டு, மார்பெல்லாம் சுண்ணக்கட்டிக் கோடுகள். மடியில் செல்போனை வைத்துப் பெயர்களைத் தேடினார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் விமானங்கள் கிளம்பும், கப்பல்கள் திரும்பும் என்பார்கள். கட்டைவிரல் பட்டியலின் கடைசிவரை இறங்கியது, மறுபடி மேலே ஏறியது, எந்தப் பெயரிலும் நிற்கவில்லை.

வாசலில் ஒரு காவலன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, வெயில் கூசாமலிருக்க இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தான்.