சன்னல் மட்டத்தில் நின்ற சுவர்

கே.கே. நகரில் வீரமலை தன் வீட்டோடு சேர்த்துக் கட்டத் தொடங்கிய அறை சன்னல் மட்டத்தோடு நின்றுபோனது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழந்தைகள் இரண்டும் வளரவில்லை. அந்த வருடம் காவிரியில் தண்ணீர் தாமதமாக வந்தது. செங்கல் லோடு சொன்ன நாளுக்கு வந்து சேரவில்லை. ஜீயபுரம் பக்கம் காற்றடித்து வாழை சாய்ந்தது. இவற்றையெல்லாம் பேசிய தெரு, வீரமலையின் பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சநாள் பேசியது.

வீரமலைக்குச் சொந்த ஊர் மருங்காபுரி. எடமலைப்பட்டிப் புதூரில் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். மனைவி விஜயராணிக்கு ஸ்ரீரங்கத்தில் தபால் அலுவலக வேலை. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஓர் அடுப்படி என்றிருந்த வீட்டில், மகள் யாழினி யூ.கே.ஜி. போய், மகன் மாறன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தபோது இடம் போதாமல் ஆனது. நான்கு பேரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். மாறன் குறுக்கே படுப்பவன். ஆகவே கிழக்குப் பக்கம் சும்மா கிடந்த இடத்தில் மதிலை ஒட்டிப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை எடுப்பது என்று முடிவாயிற்று. கொத்தனார் பிச்சமுத்து வந்து கூடத்துச் சுவரை வாசல் அளவுக்கு இடித்துத் திறந்து, அதில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டார். அதன்பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் செம்மண் நிறத் தூசி வந்தது. பால் குண்டானை இரண்டு தட்டு போட்டு மூடினார்கள். யாழினி செங்கல்லை வைத்துக் கூட்டல் படித்தாள். மாறன் கலவை இயந்திரம் ஓடினால்தான் தூங்குவான் என்றானது; ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தூங்கவைக்க வீரமலை மிக்சியை வெறுமனே ஓட்ட வேண்டியிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜாஸ்லின் வீடு. ஜாஸ்லின் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மாறன் பிறந்த நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டியவளும், விஜயராணி வேலைக்குத் திரும்பியபோது பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அவள் கணவர் அடைக்கலம் பக்கவாதம் வந்து படுத்தவர். பேச்சு கொஞ்சம் குழறும், இடது பக்கம் வராது. அவருடைய கட்டில் மேற்குச் சன்னலோரம் கிடந்தது. அந்த வீட்டுக்கு வெளிச்சம் வருகிற சன்னல் அது ஒன்றுதான். புது அறையின் சுவர் அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே எழுந்தது. முதலில் ஜாஸ்லின் வந்து பதமாகத்தான் கேட்டாள்.

"தம்பி, ஒரு மூணடி உள்ள தள்ளி எடுங்களேன். அவருக்கு அந்தச் சன்னல விட்டா வேற போக்கு இல்ல."

"மூணடி தள்ளுனா அது ரூமா இருக்காதுக்கா, அலமாரியாத்தான் இருக்கும்" என்றான் வீரமலை. "என் எடத்துலதான கட்டுறேன்."

அந்தக் கடைசி வார்த்தை வேண்டாத வார்த்தை. ஜாஸ்லின் மறுநாள் மாநகராட்சியில் மனு கொடுத்தாள். அளந்து பார்த்துச் சொல்லும்வரை மேலே எழுப்ப வேண்டாம் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பிச்சமுத்து தன் மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு ஜீயபுரத்தில் வேறு வேலைக்குப் போனார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மாறன் தெருக்கோடியில் இருந்த காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தான்.

பிள்ளைகள் வளரவில்லை என்பது தெரியவரக் கொஞ்சகாலம் ஆயிற்று. வளர்வதையே யாரும் தினமும் பார்ப்பதில்லை. வளராததை எப்படிப் பார்ப்பது? விஜயராணி முதலில் கவனித்தது நகங்களைத்தான். நகவெட்டியை எங்கே வைத்தோம் என்று தேடியபோது, அதைக் கடைசியாக எப்போது எடுத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு யாழினியின் ஆடுகிற பல். வேலை நின்ற அன்று ஆடிக்கொண்டிருந்த அந்தக் கீழ்ப்பல், தீபாவளி போய்ப் பொங்கல் வந்தும் ஆடிக்கொண்டே இருந்தது. நிறைய மடித்துத் தைத்து வாங்கிய பள்ளிச் சீருடையில் ஒரு மடிப்பைக்கூடப் பிரிக்க வேண்டி வரவில்லை. மாறன் கட்டிலைப் பிடித்து நிற்பான், ஒரு காலைத் தூக்குவான், யோசிப்பான், மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவான். தடுப்பூசி போடப் போன இடத்தில் நிறுத்துப் பார்த்தவர்கள் தராசு பழுது என்று நினைத்து வேறு தராசு கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். உண்மையும் அதுதான். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், புத்தி வளர்ந்தது. யாழினி செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தாள். உடம்பு மட்டும் சுவர் நின்ற இடத்தில் நின்றது.

வீரமலை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருங்காபுரிக் குலதெய்வத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்தான். விஜயராணியும் கூடப் போனாள், கும்பிட்டாள். ஆனால் அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவளுக்கு இது அவ்வளவு வருத்தமாக இல்லை. மாலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் திரும்பும்போது, கூட வேலைபார்க்கும் சுபஸ்ரீ தன் பையன் இப்போதெல்லாம் மடியில் உட்காருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். விஜயராணி சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து மாறனைத் தூக்கினால் நேற்றிருந்த அதே கனம் இடுப்பில் உட்காரும். கழுத்தில் அதே பால் வாசனை. எந்தத் தாய்க்கு இது வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வாள். இப்படி நினைத்ததைச் சாமியிடம்கூட அவள் சொல்லவில்லை.

அவளைக் கலைத்தது யாழினிதான். உடன் படித்தவர்கள் எல்லோரும் அவளைவிடத் தலை உயர்ந்துவிட்டார்கள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மா எதிரில் நின்றாள்.

"தம்பி நடக்கணும்னு எவ்வளவு பாக்குறான் தெரியுமா? நீ பாக்கவே மாட்டேங்கிறம்மா. தூக்கித் தூக்கி வச்சுக்கிற."

விஜயராணி மாறனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். அன்று முழுக்க அவனைத் தூக்கவில்லை. அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான், வைத்தான், தூக்கினான், வைத்தான். அவன் முகத்தில் இருந்தது விளையாட்டு இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் பிச்சமுத்து விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தார். மழையில் கரையாமல் இருக்கட்டும் என்று, யாருக்கும் தகராறு இல்லாத தெருப்பக்கச் சுவரின் மேல், மிச்சம் கிடந்த கல்லை வைத்து ஒரு வரிசை கட்டிவிட்டுப் போனார். அவர் கை கழுவும்போதே யாழினியின் பல் உள்ளங்கையில் விழுந்தது. கட்டிலைப் பிடித்திருந்த மாறன் கையை விட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்து, உட்கார்ந்தான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. விஜயராணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கணவனிடம், இன்றைக்கு ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள் என்பதைப் போலச் சொன்னாள்.

"ஏங்க, வீடு வளந்தாத்தான் பிள்ளைங்க வளரும்போல. மூணடி விட்டுருவோம்."

வீரமலை நம்பினான். ஆனால் மூன்றடியை விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போன ஜாஸ்லின் திரும்பிவருவதற்குள் முடித்துவிடலாம் என்று தானே கலவை குழைத்து, கிழக்குச் சுவரை எழுப்ப ஆரம்பித்தான். மோட்டார்க் காயில் கட்டிய கைக்குக் கல் வேலையும் வந்தது. ஒரு வரிசை ஏறியது. யாழினியின் சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து மேலே நகர்ந்தது. இரண்டாவது ஏறியது, மாறன் கூடத்திலிருந்து தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து மணல் குவியலில் ஏறினான். விஜயராணி சிரித்துக்கொண்டே அழுதாள். சத்தம் கேட்டு வீரமலைக்கு வேகம் வந்தது. மூன்றாவது வரிசையில் பாதி கட்டியிருந்தபோது ஜாஸ்லின் மதிலோரம் வந்து நின்றாள். கையில் பைபிள். வாயில் கோபமாக ஏதோ வந்தது. அதற்குள் அவள் கண் யாழினியின் மேல் விழுந்தது. பிள்ளைகள் வளர்வதை அளப்பதே தொழிலாக இருந்தவள் அவள். கண்ணெதிரே ஒரு பிள்ளையின் பாவாடை கணுக்காலை விட்டு மேலேறுவதை அவள் பார்த்தாள். பைபிளை மதில்மேல் வைத்தாள்.

"நிறுத்தாதீங்க தம்பி" என்றாள். "கட்டுங்க. நான் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அக்கா..."

"கட்டுங்கன்னு சொல்றேன்ல. அவரு பெரியவரு. பொறுத்துக்குவாரு."

வீரமலை அடுத்த கல்லை எடுத்தான். அதை வைக்க வேண்டிய இடைவெளி வழியாக எதிர்ச் சன்னல் தெரிந்தது. அடைக்கலம் படுத்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பாதிக்கு வெளிச்சம் இருந்தது, பாதியைச் சுவர் இருட்டாக்கியிருந்தது. மாறன் மணல்மேல் நிற்பதைப் பார்த்து, வருகிற கையைத் தூக்கி, "நடக்... நடக்கிறான்" என்று அவர் சிரித்தார். வீரமலை கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கலவை இறுகிப்போனது. பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், ஒரு வருடத்துக்குப் பிறகு ஜாஸ்லின் வீட்டுப் படியேறினான். அடைக்கலத்தின் கட்டிலோரம் குனிந்து, அவர் தலை இருந்த உயரத்திலிருந்து சன்னலைப் பார்த்தான். செங்கல் தெரிந்தது. அதற்கு மேலே விரல் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

"மூணடி உள்ள தள்ளிக்கிறேன்ணே" என்றான்.

ஆனால் அது சொன்னபடி சுலபமாக இல்லை. சுவரைத் தள்ள வேண்டுமென்றால் கட்டியதை இடிக்க வேண்டும். இடித்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ? பிச்சமுத்துவை வரவழைத்து, உள்ளே மூன்றடி தள்ளிப் புதுச்சுவரை முதலில் எழுப்பினார்கள். பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்து, விட்டுப்போன ஒரு வருடத்தை எட்டிப் பிடித்தார்கள். அதன்பிறகு பழைய சுவரை இடிக்கும் நாளில் விஜயராணி விடுப்பு போட்டாள். ஜாஸ்லின் தராசோடு வந்து உட்கார்ந்தாள். மாறனும் யாழினியும் அம்மா மடியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். வீரமலை மேல்கல்லைக் கையாலேயே பெயர்த்து எடுத்து வைத்தான். சம்மட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் யாழினி, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, எடுங்க" என்றாள். எல்லாம் முடிந்தபோது சட்டைக் கை கொஞ்சம் இறங்கி மணிக்கட்டைத் தொட்டிருந்தது. மாறனின் இரண்டு பல் ஈறுக்குள் போய், புதன்கிழமை மறுபடி வெளியே வந்தது. வேறு சேதம் இல்லை.

அறை குறுகலாகத்தான் அமைந்தது. கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். முதல் டம்ளரை ஜாஸ்லின் தன் கணவருக்கு எடுத்துப்போனாள். பெயின்ட் காய்ந்து, பிச்சமுத்துவும் கடைசியாக ஒரு வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு போன பிறகு, ஐப்பசி வாக்கில் விஜயராணி நகவெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, "மறுபடி நின்னுபோச்சுங்க" என்றாள். வீரமலை மறுநாள் ஒரு பரண் கட்ட ஆள் சொன்னான்.

அதிலிருந்து அந்த வீட்டில் எப்போதும் ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வருடம் தண்ணீர்த் தொட்டிக்கு மேடை, ஒரு வருடம் துவைக்கிற கல், ஒரு வருடம் மாடிக்குப் படி. கொரோனா காலத்தில் ஆளும் கிடைக்கவில்லை, சாமானும் கிடைக்கவில்லை. இடித்துப்போட்டிருந்த பழைய கற்களை வைத்து வீரமலை ஒரு கோழிக்கூண்டு கட்டினான். கோழி வாங்கவில்லை, ஆனால் மாறனுக்கு அந்த வருடம் இரண்டு முறை செருப்பு வாங்க வேண்டியிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் இன்னுமா வேலை முடியவில்லை என்று கேட்டால், "பிள்ளைங்க இருக்கிற வீடுங்க" என்பாள் விஜயராணி. கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடைக்கலம் ஒரு கோடையில் பகல் வெளிச்சத்தில் இறந்துபோனார். அந்த மூன்றடி அப்படியே கிடக்கிறது. ஜாஸ்லின் அதில் கறிவேப்பிலை வைத்திருக்கிறாள், இரண்டு வீட்டுக்கும் ஆகிறது.

யாழினி இப்போது பிளஸ் டூ. போன மாதம் மாடியில் ஓர் அறை எடுப்பது பற்றிச் சாப்பிடும்போது பேச்சு வந்தது. அவள் அம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டவள். "எனக்கு இந்த உயரம் போதும்பா" என்றாள். மாறன், தனக்குப் போதாது, வாலிபால் அணியில் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள் என்றான். வீரமலை இரண்டு பேரையும் பார்த்தான், யோசித்தான். மறுநாள் கொத்தனாரிடம் மாறன் படுக்கிற பக்கத்துக்கு மேலே மட்டும் கட்டினால் போதும் என்று சொன்னான். கொத்தனார் சரி என்று நூல் பிடித்தார்.