இருபத்திரண்டு காசுத் திட்டம்

புது மின் திட்டத்துக்கான படிவத்தில் மொத்தம் பதினேழு கேள்விகள். பதினாறுக்கு டெய்லரக்கா உண்மையைச் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் உட்காரவில்லை. மேசை மேல் முப்பது பள்ளிச் சீருடைகள் ஓரம் மடிக்காமல் குவிந்து கிடந்தன. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் செல்போன். உள்ளறையிலிருந்து தங்கை, "முடிஞ்சுதாக்கா? இன்னிக்குத்தான் கடைசித் தேதி" என்று மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. 'வீட்டில் மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவி உள்ளதா?' ஆம் என்று அழுத்தினாள். டாக்டர் சீட்டை இணைக்கவும், பரிசீலனைக்குப் பத்து நாள் ஆகும் என்றது திரை. ஒரு நிமிஷம் யோசித்தாள். பின்னால் போய் 'இல்லை' என்று அழுத்தினாள். திரை பச்சையாகி வாழ்த்துச் சொன்னது.

"முடிஞ்சுதுடி, தலையைத் தின்னாதே" என்றாள் உள்ளே பார்த்து.

தங்கை இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். தெருவில் இன்றைக்கும் அவள் டீச்சர்தான். நுரையீரல் இறுகிப்போகிற நோய் வந்து வேலையை விட்ட பிறகு, மூக்கில் குழாயும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மெஷின் இராப்பகலாக உஸ்... டக் என்று மூச்சு விடும். அது நின்றால் அவளுக்கும் நிற்கும். அந்தப் பயத்தில்தான் ஓய்வுப் பணத்தை எடுத்து, மொட்டைமாடியில் பத்து சோலார் தகடும் நடையில் ஒரு பேட்டரியும் வைத்தார்கள். தெருவில் கரண்ட் போனாலும் பேட்டரி ஆறேழு மணி நேரம் தாங்கும். மிச்சக் கரண்டை மின் கம்பெனி யூனிட்டுக்கு இத்தனை காசு என்று வாங்கிக்கொள்ளும்.

அந்த இத்தனை காசு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று தெரிந்த நாளிலிருந்து டீச்சருக்கு உயிர் வந்தது. நோட்டில் கட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப நமக்கு ஆறு காசு. இவன் எட்டு காசு குடுக்கறான். ஆனா தினக் கட்டணத்தை ஏத்திட்டான். இந்தக் கையில குடுத்து அந்தக் கையில பிடுங்கறான். அடுத்தவன் பன்னிரண்டு. அதுவும் முதல் அஞ்சு யூனிட்டுக்குத்தான், அப்புறம் மூணே காசு. இவனைப் பாரு, இருபத்திரண்டு!"

"இருபத்திரண்டா? எதுக்கு அவ்வளவு தர்றான்? நம்ம மூஞ்சிக்கா?"

"பேட்டரி இருக்கறவங்களுக்கு மட்டும். சாயங்காலம் எல்லார் வீட்லயும் விளக்கு, அடுப்புன்னு கரண்டு தட்டுப்பாடு வருமில்ல? அந்த நேரத்துல நம்ம பேட்டரியிலேர்ந்து எடுத்துப்பான். நம்மகிட்ட இருக்கறதை நல்ல விலைக்கு விக்கறோம், அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுக்காரரிடமும் தகடு உண்டு, பேட்டரி உண்டு. வீட்டிலேயே கண்ணாடித் தொட்டிகள் வைத்து வளர்ப்பு மீன் விற்கிறவர். மதில் ஓரம் அவரைப் பார்த்து, "நீங்க எந்தத் திட்டம்?" என்று டீச்சர் ஜன்னல் வழியே கேட்டாள். பழைய ஆறு காசுத் திட்டம்தான், பேட்டரியை யாருக்கும் தரமாட்டேன் என்றார். "கரண்ட் போச்சுன்னா தொட்டிக்குக் காத்து நின்னுடுமே டீச்சர். மீனெல்லாம் செத்துடும்."

டீச்சர் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "மீனுக்கு மூச்சு முட்டுமாம்க்கா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அது மனிதர் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மதில் பக்கம் வருவதே இல்லை.

புதுத் திட்டம் தொடங்கிய முதல் சாயங்காலம், ஐந்தரை மணிக்கு, டெய்லரக்கா நடையில் துணி உதறிக்கொண்டிருந்தாள். சுவரில் பேட்டரியின் சின்னத் திரை தொண்ணூற்றாறு என்று காட்டியது. ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துவிட்டு வந்து பார்த்தால் எழுபத்தொன்று. ஆறரைக்கு இருபத்தொன்பது. ஏழுக்குப் பத்து. பத்தில் நின்றது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் நடையில் நின்று உறிஞ்சிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கம்பெனியின் விளக்கத்தாளைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பேட்டரியில் பத்து சதவீதம் மிஞ்சும் வரை கம்பெனி எடுக்கும். மருத்துவக் கருவி உள்ள வீடாக இருந்தால் எண்பதுக்குக் கீழே தொடாது. அந்த வரியை நான்கு முறை படித்தாள்.

ஒரு போன் போட்டால் போதும், மாற்றிவிடலாம். ஆனால் டாக்டர் சீட்டு டீச்சரின் கோப்பில் இருக்கிறது. கேட்டால், ஏன் என்பாள். அன்றைக்கு அவசரத்தில் உன் மூச்சுக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினாள். அடுத்த நாளும் அப்படியே. உள்ளே டீச்சரோ, "நேத்து மட்டும் நாலு யூனிட் வித்திருக்கோம்க்கா!" என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தெம்பாக அவளைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது.

இப்படியே மூன்று வாரம். தினமும் ஐந்தரை ஆனால் டெய்லரக்காவுக்குத் தையல் ஓடாது. கால் தானாக நடைக்குப் போகும். எண் இறங்க இறங்க, தெருவிளக்கு எரிகிறதா என்று வாசலுக்கு வந்து பார்ப்பாள். எரிந்தால் மூச்சு விடுவாள்.

அன்று மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. நான்கு மணிக்குக் காற்று கிளம்பியது. ஐந்தரைக்கு மழை. எண் வழக்கம்போல இறங்கியது. டெய்லரக்கா நடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு வேண்டாம், இன்னிக்கு மட்டும் எடுக்காதே" என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். முப்பது. இருபது. ஏழு மணிக்குப் பத்து.

ஏழு பத்துக்கு எங்கோ டமார் என்று ஒரு சத்தம். தெரு முழுக்க அணைந்தது.

வீட்டுக்குள் ஒரு கணம் கும்மிருட்டு. பேட்டரி தானாகப் பிடித்துக்கொண்டது, விளக்கு வந்தது. உஸ்... டக். மெஷின் ஓடியது. டெய்லரக்கா உள்ளே ஓடினாள்.

டீச்சர் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவுக்கா இருக்கு?"

"பத்து."

டீச்சர் கண்ணை மூடினாள். "அஞ்சு யூனிட்ல பத்து சதவீதம்... அரை யூனிட். மெஷினுக்கு முந்நூத்தம்பது வாட். வீணாறது போக ஒண்ணேகால் மணி நேரம். ஃப்ரிட்ஜைப் பிடுங்கு. விளக்கை அணை. எல்லாத்தையும்."

அந்த நிதானம்தான் அக்காவை இன்னும் பயமுறுத்தியது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகலாம், வெளியே கூட்டி வராதீர்கள் என்றார்கள். மின் கம்பெனிக்குப் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணக்கைத் தேடிப் பார்த்தாள். "உங்க கணக்குல மருத்துவக் கருவி இல்லைன்னு இருக்கே மேடம்... இனிமே எடுக்காம நிறுத்திடறேன். ஆனா எடுத்ததை என்னால திருப்பி அனுப்ப முடியாது மேடம். லைன் வரணும்."

செல்போனின் வெளிச்சத்தில் நடைக்குப் போய்ப் பார்த்தாள். ஆறு.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப் போகிற கைச் சிலிண்டர் ஒன்று உண்டு. போன வாரம் போய் வந்ததில் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி வந்துவிட்டதே என்று பெரிய சிலிண்டரை வாடகை மிச்சம் என்று அவள்தான் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் அவள் கையால்தான்.

"அக்கா, பக்கத்துல உக்காரு. ஓடாதே" என்றாள் டீச்சர். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. பயத்தில் அவளுக்கு இன்னும் கூடுதல் காற்று தேவைப்பட்டது.

உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள். மழை முகத்தில் அறைந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் நீலமாக ஒரு வெளிச்சம்.

மீன்காரர் வீடு.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கதவை இரண்டு கையாலும் இடித்தாள். திறந்தவர் முகத்தில் கடுகடுப்பு இருந்தது. அவள் சொன்னதில் பாதியைக் கேட்டதுமே அது காணாமல் போனது.

"கொஞ்சம் கரண்ட் குடுங்க. என்கிட்ட நீள வயர் இருக்கு, மதில் மேலே போட்டு..."

"இந்த மழையில வயரா? ரெண்டு வீடும் சேர்ந்து கருகவா? டீச்சரை இங்கே கூட்டிட்டு வந்துடுவோம். வாங்க."

திரும்பி வந்தபோது திரையில் நாலு. மீன்காரர் மெஷினைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தோளில் தூக்கினார். அந்த உஸ் சத்தம் நின்றதும் வீடு செத்துப்போன மாதிரி இருந்தது. டெய்லரக்கா குழாயைக் கைச் சிலிண்டரில் மாட்டி, தங்கையின் தலைக்கு மேலே தைக்க வந்திருந்த திரைச்சீலைத் துணி ஒன்றைப் போர்த்தி, இடுப்பில் கை கொடுத்து எழுப்பினாள்.

வாசலுக்கும் வாசலுக்கும் முப்பது அடிதான். அந்த முப்பது அடி போய்க்கொண்டே இருந்தது. கணுக்கால் தண்ணீர். பாதி வழியில் டீச்சர் நின்றுவிட்டாள். வாய் திறந்து திறந்து மூடியது. செல்போன் வெளிச்சத்தில் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரின் முள் படுத்துவிட்டது.

"நடடி. நாலு எட்டு. என் தங்கமே, நாலே எட்டு."

டீச்சர் தலையை ஆட்டினாள். முடியாது என்று. முழங்கால் மடங்கியது. டெய்லரக்காவுக்கு அறுபத்தொரு வயது. துணிக்கட்டு தவிர எதையும் தூக்கியவள் இல்லை. எப்படித் தூக்கினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. தூக்கினாள். குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த வாசற்படி ஏறி, ஈரத்தோடு தரையில் விழுந்தாள். மீன்காரர் அதற்குள் மெஷினைச் செருகியிருந்தார். அது கீச்சென்று கத்தி, ஒரு கணம் யோசித்து, பிறகு ஓடத் தொடங்கியது.

குழாயை மூக்கில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். "மூச்சு விடு. என்னைப் பாரு, மூச்சு விடு." எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம். டீச்சரின் விரல்கள் மெதுவாக அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தன.

சுற்றிலும் தொட்டிகள். நீல வெளிச்சத்தில் மீன்கள் தேமேயென்று நீந்திக்கொண்டிருந்தன. மீன்காரர் ஓரமாகப் போய் நான்கு தொட்டிகளின் பிளக்கைப் பிடுங்கினார். "என் பேட்டரியும் காலையில வெயில் வர்ற வரைக்கும் ஓடணுமே" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஆம்புலன்ஸ் ஒன்பதரைக்கு வந்தது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் சாயங்காலம், டீச்சருக்குப் பேச்சு நன்றாக வந்ததும், டெய்லரக்கா சொல்லிவிட்டாள். படிவத்தில் என்ன கேட்டார்கள், என்ன போட்டாள், மூன்று வாரமாக எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள், எல்லாம். சொல்லும்போது அழவில்லை. அடி வாங்கத் தயாராக நிற்கிறவள் போல நின்றாள்.

டீச்சர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"பத்து சதவீதம் மிஞ்சற வரைக்கும் எடுப்பான்னு நானும் படிச்சேன்க்கா. கட்டம் போட்ட அன்னிக்கே. அந்த எண்பது வரி மட்டும் என் கண்ணுல படலை. இங்கே கரண்ட் போனா அரை மணியில வந்துடுது, பரவாயில்லைன்னு நினைச்சேன். உன்கிட்ட சொன்னா வேண்டாம்பே. அதனால சொல்லலை."

"ஏண்டி?"

"நீ தைக்கறே, நான் படுத்திருக்கேன். ரெண்டு வருஷமா. நானும் இந்த வீட்டுக்கு ஏதாவது சம்பாதிச்சுப் போடணும்னு இருந்துச்சு."

டெய்லரக்காவுக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கலைந்து கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

வீடு திரும்பியதும் பழைய ஆறு காசுத் திட்டத்துக்கே மாறினார்கள். இந்தத் தடவை கேள்விகளை அக்கா உரக்கப் படித்தாள், தங்கை பதில் சொன்னாள், டாக்டர் சீட்டும் போனது. பெரிய சிலிண்டரையும் வரவழைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். மீன்காரர் வீட்டில் நான்கு தொட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. செத்தது எத்தனை என்று டீச்சர் ஜன்னல் வழியே கேட்டாள். "அது கிடக்கு டீச்சர். உங்களுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?" என்றார். டீச்சர் இரண்டு கையையும் கூப்பினாள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏன் விலகினீர்கள், ரேட்டு பிடிக்கவில்லையா, இன்னும் ஒரு காசு கூட்டித் தரலாம் என்றது ஒரு இளைஞனின் உற்சாகக் குரல். டெய்லரக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் எட்டி வாங்கிக்கொண்டு, "ரேட்டெல்லாம் ரொம்ப நல்ல ரேட்டுப்பா. எங்களுக்குக் கட்டுப்படியாகலை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.