எழுபத்தோராவது வளைவு

சின்னுசாமி ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அவருடைய இடது கை ஓய்வு பெறவில்லை. தூக்கத்திலும் கியர் மாற்றும். பக்கத்தில் படுத்திருக்கும் சென்னம்மாளின் முழங்கையை அவர் எத்தனையோ முறை இரண்டாவது கியருக்குத் தள்ளியிருக்கிறார். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை செம்மேட்டுக்கு இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய கை அது.

அந்தக் கைக்கு இரண்டாயிரத்து ஆறில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிராஜுதீன் நடத்திய பிரவுசிங் சென்டரில், பஸ் பிரியர்களின் குழு ஒன்று இணையத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். உலகத்தில் பஸ்ஸைப் பார்த்துப் பூரித்துப்போகிற முன்னூறு பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எந்தப் பஸ்ஸுக்கு எந்த ஊரில் பாடி கட்டினார்கள், எந்த டிப்போவில் எத்தனை வண்டி என்று அவர்கள் ஒரு திருகாணிகூடத் தப்பாமல் எழுதுவார்கள். அதில் ஒரு எண் தப்பினால் நாலு பேர் பாய்ந்து வந்து திருத்துவார்கள். ஆனால் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில், வெட்டிப்பேச்சுக்கென்று ஒரு பகுதி இருந்தது. பெயர் 'கடைசி சீட்டு'. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம் இல்லையா, அந்தச் சுதந்திரம் அங்கே உண்டு.

சின்னுசாமி தினமும் ஒற்றை விரலால் அங்கே தட்டினார். மழைக்காலத்தில் மேகம் ஒன்று முன்வாசல் வழியாக ஏறியதையும், கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்ததையும், அது மலைமேல் வாழவந்தி நாடு ஸ்டாப்பில் இறங்கிப் போனதையும் எழுதினார். வளைவில் திரும்பும்போது தன் வண்டியின் பின்பக்க நம்பரைத் தானே முன்கண்ணாடி வழியாகப் படித்ததாக எழுதினார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தேவராஜ் என்ற உறுப்பினர், ஆபீசில் இதைப் படித்துச் சிரித்து மேனேஜரிடம் மாட்டிக்கொண்டதாகப் பதில் போட்டார். அன்று சின்னுசாமி சிராஜுதீனுக்கும் சேர்த்து டீ வாங்கினார்.

கடைசி சீட்டில் ஒரே ஒரு சட்டம். எந்தக் கதைக்கும் ஒருவர் மூன்று தடவை ஆதாரம் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கும் ஆதாரம் வராவிட்டால், கதை சொன்னவர் ஒரு வருடத்துக்கு அங்கே வாய் திறக்கக் கூடாது.

ஒரு நாள் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டார். கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு எழுபது என்று ஊரெல்லாம் சொல்கிறது, உண்மையில் எழுபத்தொன்று. நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நாலுக்கும் நடுவில் ஒன்று, பலா மரத்தடியில். போர்டு எழுத வந்தவருக்கு அங்கே பெயிண்ட் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

ராசிபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சபீரா என்ற உறுப்பினர் ஆதாரம் கேட்டார். பழைய பஸ் டிக்கெட் சேர்க்கிறவர், பொறுமைசாலி. மறுநாள் இரண்டாவது தடவை கேட்டார். அதற்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரில் வந்து எண்ணிப் பார்த்துவிடலாம், அதுவே தன் மூன்றாவது கேள்வி என்று எழுதினார். அவரையும் அவர் கணவரையும் சேர்த்து ஏழு பேர் வருவதாக முடிவானது.

சின்னுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருடம். முன்னூற்று அறுபத்தைந்து நாள் அவர் சென்னம்மாளிடம் மட்டுமே பேச வேண்டும். சென்னம்மாளோ மேகம் ஏறிய கதையைக் கேட்டுவிட்டு, ஈரச் சீட்டை யார் துடைத்தது என்று கேட்டவள்.

ஞாயிறு காலை ஏழு பேரும் சேந்தமங்கலம் வந்து செம்மேடு பஸ்ஸில் ஏறினார்கள். சபீரா கணவர் உவைஸுடன் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, முக்காட்டைக் காற்றுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். சின்னுசாமி எல்லாருக்கும் பின்னால், தண்டனைக்குப் போகிறவர்போல உட்கார்ந்தார். மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் வளைவின் போர்டு வந்ததும், ஏழு வாயும் ஒன்று என்று சொல்லின.

மூன்றாவது வளைவில் டிரைவர் வண்டியை இரண்டாவது கியருக்கு இறக்கினார். எஞ்சின் ஒரு முறை கனைத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து, மெல்ல முனக ஆரம்பித்தது. தேவராஜ் பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலை உதட்டில் வைத்தார். அவ்வளவுதான். பஸ் பிரியர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சத்தத்தைக் கேட்டே கியரைச் சொல்வது அவர்களுடைய பெரிய வித்தை. கச்சேரியில் தாளம் போடுகிறவர்கள்போல, கியர் மாறும்போதெல்லாம் தொடையில் விரலால் தட்டினார்கள். எண்ணுகிற வேலையை மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏழு பேரும் நினைத்துக்கொண்டார்கள்போல.

பலா மரம் வந்தது, போனது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சின்னுசாமிக்கு எழுந்து நின்று டிரைவருக்கு மாலை போட வேண்டும்போல இருந்தது.

செம்மேட்டில் இறங்கி அத்தாயியின் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபின், யாரோ வளைவுக் கணக்கை நினைவுபடுத்தினார்கள். எல்லாரும் ஆறிப்போன டீயை ஊதத் தொடங்கினார்கள்.

"எழுபத்தொன்னு சரிதானுங்க" என்றார் தேவராஜ், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அந்த நாப்பத்துமூனு தாண்டி ஒன்னு வந்துச்சே."

வந்தது என்றார் இன்னொருவர். பலா மரத்தில் எத்தனை காய் என்றுகூட ஒருவர் சொன்னார். சின்னுசாமி அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டே, காய் போன வருடம் இன்னும் பெரிசு என்றார்.

"இல்லீங்க" என்றார் சபீரா. "எழுபத்திரண்டு."

சின்னுசாமிக்கு டீ மூக்கில் ஏறியது.

"அதெப்படிம்மா எழுபத்திரண்டு?"

"உங்களுது ஒன்னு. அப்புறம் அம்பத்தாறுக்கும் அம்பத்தேழுக்கும் நடுவுல இன்னொன்னு இருக்குதுங்க. இருபத்தாறு வருசம் ஓட்டுன உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஆமாம் ஆமாம், அதுவும் வந்தது என்றார் தேவராஜ்.

அந்த ஏழு பேரில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது யார் என்று அப்போதுதான் சின்னுசாமிக்கு விளங்கியது. முக்காட்டுக்குள் சபீராவின் கண் மூடியிருந்ததா என்று அவர் பார்க்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, அதுக்கு ஆதாரம்?"

"போர்டு இல்லீங்க. காலி பெயிண்ட் டப்பா மட்டும் கெடந்துச்சு."

"டப்பா கெடந்தா வளைவுன்னு ஆயிருமா? ஆதாரம் வேணுமில்ல?"

"ரெண்டு தடவை கேட்டுட்டீங்க" என்றார் சபீரா, கண்ணாடி டம்ளரைப் பக்குவமாகக் கீழே வைத்து. "மூனாவதும் கேளுங்கண்ணா. எறங்கறப்ப டேப்பை உள்ள வெச்சுட்டு, எல்லாருமாக் கண்ணைத் தொறந்துட்டு உங்களுதையும் சேத்து எண்ணிப் பாத்துருவோம்."

உவைஸ் வேறு பக்கம் திரும்பி, இல்லாத பறவை ஒன்றைப் பார்த்தார்.

சின்னுசாமி காலி டம்ளரை நீட்டினார். "அத்தாயி, இன்னொரு டீ" என்றார்.

மறுநாள் கடைசி சீட்டில் சபீரா எழுபத்திரண்டாவது வளைவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அங்கே எதிரெதிராக வரும் இரண்டு பஸ்களில் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டு மரத்தில் ஏறி நின்றுகொள்ளுமாம். சாட்சி சொல்லும்படி, அந்த மலையில் பஸ் ஓட்டிய சின்னுசாமியையே அழைத்திருந்தார். சின்னுசாமி அதை இரண்டு தடவை படித்தார். இவ்வளவு நல்ல பொய் தனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. பிறகு ஒற்றை விரலால் தட்டினார்: 'உண்மை. அப்படி ஏறிய வண்டியை இறக்கும்போதுதான் எனக்கு இரண்டு பல் போனது.'

அதை அனுப்பிவிட்டு நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய்ச் செம்மேட்டுக்கு டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினார். எழுபதுதான். இருந்தாலும் ஐம்பத்தாறு தாண்டியதும் அவர் கண் இரண்டு தடவை தானாகவே ஓரத்தில் பெயிண்ட் டப்பாவைத் தேடியது.