யாரையும் உள்ளே விடாதே

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொல்பவன் வீட்டு போர்வெல்லில் ஆயுசுக்கும் உப்புத் தண்ணீரே வரட்டும். அத்தனையும் சத்தியம்.

கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்ககத்தில் தனியாகக் குடியிருக்கும் ஜெபகுமாருக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமையானால் வீட்டில் நண்பர்களோடு, பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம். கூட வேலை பார்க்கும் சாலமன் கதையை நடத்துவான். ஜெபகுமார் அந்தக் கதைக்குள் செத்தவர்களை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி. அந்தச் சனிக்கிழமை மந்திரவாதி ஓர் எலும்புக்கூட்டை எழுப்பி, "யாரையும் உள்ளே விடாதே" என்று குகை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனான். ஆட்டத்தை அதோடு விட்டுவிட்டு நண்பர்கள் பிரியாணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், ஜெபகுமார் வீட்டு வாசலில் நிற்கிறது எலும்புக்கூடு. கையில் துருப்பிடித்த வாள். இவன் சாவியை எடுத்தான், வாள் உயர்ந்தது. சாவியைப் பையில் போட்டான், வாள் இறங்கியது.

சாலமனுக்கு போன் போட்டான்.

"மச்சான், உன் எலும்புக்கூடு என் வாசல்ல நிக்குதுடா!"

"என்னுதா? எழுப்புனது நீ. கடைசியா இன்னா சொன்ன?"

"யாரையும் உள்ள விடாதேன்னு."

"அப்போ விடாது. மூளையா கீது அதுக்கு? சொன்னதச் செய்யும், அவ்ளோதான்."

"நான்தானடா எஜமான்!"

"நீ இல்ல, உன் மந்திரவாதி. அவன் குகையில குறட்டை வுட்டுகினு கீறான். எழுப்பணும்னா ஆட்டத்தத் தொடரணும். பகடை எங்க?"

"வீட்டுக்குள்ள."

"பேஜார்தான். இன்னொண்ணு மச்சான், பொழுது சாஞ்சா மந்திரத்தோட பிடி வுட்டுரும். அப்பால பக்கத்துல இருக்குறவங்க மேல பாயும்."

"சாயங்காலம் கிறிஸ்டினா வீட்ல வராங்கடா!"

"எத்தினி பேரு?" என்று அக்கறையாக விசாரித்தான் சாலமன்.

கிறிஸ்டினாவோடு இரண்டு வருடக் காதல். அவள் அப்பா ஏசுதாசன், வீட்டைப் பார்த்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று சொல்லியிருந்தார். ஜெபகுமார் எலும்புக்கூட்டுக்குத் தன் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டினான். உள்ளே போகாதவரை அது எதற்கும் அசையவில்லை. கூரியர்காரர் வந்து அதனிடம் ஓடிபி கேட்டார். பதில் வராததால், "ரொம்பக் கறாரான ஆளு சார்" என்று ஜெபகுமாரிடம் மெச்சிவிட்டு, பார்சலோடு திரும்பிப் போனார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஏசுதாசன், மனைவி தபீதாள், கிறிஸ்டினா மூவரும் படியேறினார்கள்.

"வாட்ச்மேன் எல்லாம் போட்டிருக்கீங்க. பலே!" என்றபடி ஏசுதாசன் செருப்பைக் கழற்றினார். வாள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"அங்கிள், ஒரு அஞ்சு நிமிஷம்..." என்று இழுத்தான் ஜெபகுமார்.

"வரச் சொல்லிட்டு வாசல்ல நிக்க வைக்கிறீங்களா? கிறிஸ்டினா, கிளம்பு. இந்தச் சம்பந்தமே வேணாம்."

"அப்பா, ப்ளீஸ்ப்பா!"

"சரிங்க, போலாம்" என்றாள் தபீதாள். "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போலாம்."

தபீதாளின் சின்ன ஜெபத்தின் நீளம் அந்தக் குடும்பத்துக்கே தெரியும். ஏசுதாசன் பெருமூச்சோடு கண்ணை மூடினார். ஜெபம் தூத்துக்குடி உறவினர்களில் தொடங்கி, பெரியப்பா மகனின் விசாவில் தங்கி, சேலையூர்த் தங்கையின் மூட்டுவலிக்கு வந்து சேர்ந்தது. ஜெபகுமார் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. எலும்புக்கூட்டின் விரல்கள் தாமாகவே அசையத் தொடங்கியிருந்தன.

"கர்த்தாவே, வாசல்ல நிக்கிற இந்தத் தம்பியையும் பாரும். சதையே இல்லாம கெடக்கிறான். நல்ல சுகத்தைத் தாரும். எலும்புகளுக்குப் பெலன் தாரும்."

உயிருள்ளவர்களுக்கு மருந்தாகும் சுகமளிக்கும் மந்திரம், செத்து எழுந்தவனுக்கு விஷம். அந்த ஆட்டத்தின் சட்டம் அப்படி. "ஆமென்" என்று எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள், சாம்பாருக்கு நறுக்கிய முருங்கைக்காய் போலக் கலகலவென்று உதிர்ந்தது எலும்புக்கூடு. ஹெல்மெட் மட்டும் படிக்கட்டில் உருண்டு போனது.

ஏசுதாசன் கண்ணைத் திறந்தார். காலடியில் மழைக்கோட்டுக் குவியல். முன்னால் காலி வாசல். ஜெபகுமார் சட்டென்று சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான்.

"உங்க வார்த்தையால மனசு நொந்து வேலைய விட்டே போயிட்டான் அந்தப் பையன்" என்று கணவரைக் கடிந்துகொண்டே தபீதாள் உள்ளே போய்விட்டாள். மனைவி நுழைந்த வீட்டுக்குள் நுழையாதிருக்க ஏசுதாசனுக்குத் துணிச்சல் இல்லை. காபியும் மிக்சரும் தீர்வதற்குள் தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று.

கிறிஸ்டினா மட்டும் சமையலறையில் வைத்து அவன் காதோடு சொன்னாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்திரம் தேய்க்க ஒண்ணு எழுப்பிக் குடுங்க."

சத்தியம் செய்தபோது சொல்ல விட்டுப்போன ஒரு சின்ன விஷயம்: ஜெபகுமார் குடியிருக்கும் அந்த அடுக்ககத்தை இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை.